உலைக்கு அடியில் இருந்த நிலம்

கம்பெனி நிதி பாடம் எடுத்த பேராசிரியருக்கு மாணவர்கள் வைத்த பெயர் ‘முக்கால் டீ’. முதல் வகுப்பிலேயே அவர் மேசை மேலிருந்த தன் கோப்பையைத் தூக்கிக் காட்டி, “இதை இப்பவே குடுத்தேன்னா முழு டீ. கொஞ்ச வருஷம் கழிச்சுத் தரேன்னு சொன்னா இன்னிக்கு இது முக்கால் டீதான். இன்னும் தள்ளிப் போட்டா கோப்பையோட அடி நனையும், அவ்வளவுதான். நாளைக்கு வரப்போற காசுக்கு இன்னிக்கு என்ன மதிப்புன்னு பாக்கறதுதான் இந்தப் பாடம் மொத்தமும்” என்றார். பெயர் அன்றைக்கே ஒட்டிக்கொண்டது. அவருக்கும் அது தெரியும். கோபித்துக்கொள்ளவில்லை.

சின்னவள் அதை வீட்டில் வந்து சொன்னபோது மாமா சட்டைக் கையை மடித்துக்கொண்டே சிரித்தார். “எங்க கேன்டீன்ல இன்னிக்குக் குடுக்கறதே முக்கால் டீதான். அதுக்கு உங்க சார் என்ன கணக்கு வெச்சிருக்காரு?”

மாமா என்றால் அக்காவின் கணவர். அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்ச் சேர்ந்த பிறகு, பள்ளிக்கூடப் பையோடு இந்த வீட்டுக்கு வந்தவள் சின்னவள். அவளுக்கு நல்ல பெயர் ஒன்று உண்டு, அது பல்கலைக்கழகத்து அடையாள அட்டையில் இருக்கிறது. வீட்டில் யாருக்கும் அது வாயில் வராது. முன்னறையிலிருந்த சாப்பாட்டு மேசைதான் அவள் படிக்கிற மேசை. சாப்பாட்டு நேரம் வந்தால் புத்தகங்கள் நாற்காலிக்குப் போகும், முடிந்தால் திரும்பி வரும். அக்கா ஒரு பல் டாக்டரிடம் வரவேற்பில் இருந்தாள். நாள் முழுக்க வலியோடு வருகிறவர்களை உட்காரச் சொல்லிச் சொல்லி அவளுக்கு ஒரு பொறுமை வந்திருந்தது. மாமா ஊருக்கு நடுவிலிருந்த கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் உலைப் பிரிவுக்கு ஷிப்ட் பொறுப்பாளர்.

அந்த உலை வேண்டும்போது பற்றவைத்து வேண்டாதபோது அணைக்கிற அடுப்பு இல்லை. மூட்டினால் பத்துப் பன்னிரண்டு வருஷம் இரவு பகல் அணையாமல் எரியும். உள்ளே மணல் உருகிக் குழம்பாக நிற்கும். அணைத்தால் குழம்பு உறைந்து உலை மொத்தமும் பாறையாகிவிடும். வருஷம் போகப் போகச் சுற்றுச் செங்கல் உள்ளிருந்து தேயும். கடைசியில் குழம்பை வடித்து, இடித்துத் தள்ளி, புதிதாகக் கட்டியாக வேண்டும். மாமாவின் உலை அந்த வயதைத் தாண்டிவிட்டது. சுவர் மெலிந்த இடங்களில் காற்றாடி வைத்து ஊதிக்கொண்டிருந்தார்கள். புது உலை வரப்போகிறது என்று பிரிவு மொத்தமும் ஒரு கல்யாணத்துக்குக் காத்திருப்பது போலக் காத்திருந்தது. மாமாவோடு வேலை பார்த்த தாடி – முகம் நிறையத் தாடி, வாய் நிறையப் பேச்சு – வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதே பேச்சுதான். “புது உலைல எல்லாம் கம்ப்யூட்டராம். இவன் ஏசி ரூம்ல உக்காந்து பட்டனைத் தட்டுவான். நான் பக்கத்துல உக்காந்து இவனைத் தட்டுவேன்.”

மூன்றாவது பருவத்தில் செயல்முறைப் பாடம் வந்தது. புத்தகத்தில் படித்ததை ஒரு ஆலோசனை நிறுவனத்தில் போய்ச் செய்ய வேண்டும். அங்கே எழுதும் அறிக்கைக்குத்தான் மதிப்பெண். சின்னவளை ஒரு கண்ணாடிக் கட்டடத்தின் ஏழாவது மாடிக்கு அனுப்பினார்கள். நுழைந்ததும் ஒரு பத்திரத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள்: இங்கே பார்ப்பதை வெளியே யாரிடமும் சொல்வதில்லை. எல்லோரும் போடுகிற கையெழுத்துத்தானே என்று அவளும் போட்டாள்.

அவளுக்கு மேலே இருந்த மேலாளர் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு அதையே தேடுகிற பெண்மணி. “ஒரு பேக்கேஜிங் கம்பெனி. பிளாஸ்டிக்ல ஒரு பிரிவு, கண்ணாடியில ஒரு பிரிவு. கண்ணாடிப் பிரிவுல உலை முடிஞ்சு போச்சு. புதுசாக் கட்டறதா, மூடறதா? இதுதான் கேள்வி. கணக்கு நீ போடு, நான் பாக்கறேன்” என்று கோப்புகளைத் திறந்து கொடுத்தார்.

கம்பெனி பெயர் எங்கும் இல்லை. ஆனால் தொழிற்சாலையின் வரைபடம் இருந்தது. பிரதான வாசல், எதிரே ரயில் பாதை, இடது பக்கம் தண்ணீர்த் தொட்டி. அந்தத் தொட்டிக்குக் கீழே நின்றுதான் அவள் எத்தனையோ தடவை மாமாவுக்குச் சாப்பாட்டுப் பாத்திரம் கொடுத்திருக்கிறாள்.

அவள் நேராகப் போய்ச் சொல்லிவிட்டாள். “மேடம், இது என் மாமா வேலை பாக்கற இடம்.”

“எந்த மாமா?”

“அக்கா வீட்டுக்காரர். அந்த உலையிலதான் இருக்காரு.”

மேலாளர் கண்ணாடியை இறக்கிப் போட்டுக்கொண்டு அவளைப் பார்த்தார். “கையெழுத்துப் போடும்போது தெரியுமா?”

“தெரியாது மேடம். பேரே சொல்லலையே.”

“இப்ப தெரிஞ்சு போச்சு. உன்னை எடுத்துட்டா தெரிஞ்சது தெரியாமப் போயிடுமா?” அவர் கொஞ்ச நேரம் பேனாவை உருட்டினார். “உன் சாருக்கும் எங்க பார்ட்னருக்கும் எழுதிப் போட்டுடறேன். வேற ஆளும் இல்ல எனக்கு. நீ இரு. ஆனா வீட்டுல ஒரு வார்த்தை போச்சுன்னா உன் பட்டமும் போகும், என் வேலையும் போகும். எனக்கு ரெண்டு பசங்க இருக்காங்கம்மா.”

கடைசியில் சொன்னதில் மிரட்டல் இல்லை. கிட்டத்தட்டக் கெஞ்சினார்.

அன்று முதல் சின்னவள் வீட்டில் வாயைத் திறக்கப் பயந்தாள். மாமா புது உலையைப் பற்றிப் பேச்செடுத்தால் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள். “என்னடி, பேய் அறைஞ்ச மாதிரி இருக்க?” என்று அக்கா கேட்டாள். படிப்பு அதிகம் என்றாள். தினமும் குடிக்கிற தண்ணீர் கூடிப்போய், “உனக்கு உடம்புக்கு ஏதாவது பண்ணுதா?” என்று மாமா வேறு கவலைப்பட்டார்.

முதல் கணக்கு முடிந்தபோது விடை சிவப்பில் வந்தது. புது உலை கட்ட ஆகும் செலவு ஒரு பக்கம். அது வரப்போகிற வருஷங்களில் சம்பாதித்துத் தரும் பணத்தின் இன்றைய மதிப்பு மறுபக்கம். இரண்டாவது குறைவு. அப்படியென்றால் கட்டாதே என்று அர்த்தம். அவள் ஒவ்வொரு எண்ணாகத் திரும்பிப் போய்ப் பார்த்தாள். எரிவாயு விலை சரி. பாட்டில் விலை சரி. எல்லாம் சரியாக இருந்ததுதான் அவளை என்னவோ செய்தது.

பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. நாளைய பணத்தை இன்றைக்குக் கொண்டுவரக் குறைக்கிறார்களே, அந்த வீதம். கம்பெனி மொத்தத்துக்கும் பதினாலு சதவீதம் என்று போட்டிருந்தார்கள். பிளாஸ்டிக் பிரிவு இன்றைக்கு ஏறும், நாளைக்கு விழும். அதற்குப் பதினாலு சரி. ஆனால் கண்ணாடிப் பிரிவு மருந்துக் கம்பெனிகளுக்குப் பாட்டில் செய்கிறது. வருஷக்கணக்கில் ஒப்பந்தம், ஏற்ற இறக்கம் குறைவு. ஆபத்து குறைந்த வேலைக்கு ஆபத்து நிறைந்த வேலையின் வீதத்தைப் போடக் கூடாது என்பது பாடப் புத்தகத்திலேயே இருக்கிறது. முக்கால் டீ இதைச் சொல்லும்போது கரும்பலகையைத் தட்டித் தட்டிச் சுண்ணக்கட்டி உடைந்ததுகூட அவளுக்கு ஞாபகம் வந்தது.

வேறு கண்ணாடிக் கம்பெனிகளின் பங்கு விலைகளை எடுத்து, அவற்றின் கடனைக் கழித்துப் பார்த்து, ஒரு வாரம் வேறு நினைப்பில்லாமல் உட்கார்ந்தாள். பதினொன்று என்று வந்தது. பதினொன்றைப் போட்டாள். சிவப்பு மறைந்தது. பெரிய லாபம் ஒன்றும் இல்லை, ஆனால் கட்டலாம்.

கூட்டத்தில் நிறுவனத்தின் மூத்த பார்ட்னரும் இருந்தார். வெள்ளை முடி, சத்தமில்லாத பேச்சு. சின்னவளின் குரல் முதல் ஐந்து நிமிஷம் நடுங்கியது. பிறகு கணக்கே அவளைக் கூட்டிக்கொண்டு போயிற்று. பார்ட்னர் குறுக்கே குறுக்கே கேட்டார், அவள் சொன்னாள். கடைசியில் அவர் மேலாளரைப் பார்த்து, “நாம கவனிச்சிருக்கணும் இதை. பொண்ணு சொல்றது சரிதான். பதினொண்ணே இருக்கட்டும்” என்றார்.

வெளியே வந்ததும் மேலாளர் அவள் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். “சொந்த பந்தத்துக்காகச் சொல்லியிருந்தா நானே தூக்கிப் போட்டிருப்பேன். கணக்கு பேசிச்சு.”

அன்று மாலை சின்னவள் வீட்டுக்குப் பறந்துதான் வந்தாள். இத்தனை வருஷம் சோறு போட்டவர்களுக்கு, அவர்களுக்கே தெரியாமல் ஒன்றைச் செய்துவிட்டோம் என்று நெஞ்சு நிறைந்திருந்தது. சொல்ல முடியாததுகூட இனித்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் மாமாவுக்கு இன்னொரு இடத்திலிருந்து அழைப்பு வந்தது. தூரத்து ஊர் ஒன்றில் வேறொரு பாட்டில் தொழிற்சாலை. உலை தெரிந்த ஆள் வேண்டும், இருப்பிடமும் தருகிறோம், சீக்கிரம் பதில் சொல்லுங்கள் என்றார்கள். மூன்று பேரும் சாப்பாட்டு மேசையைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

“போனா நல்லதுதான். ஆனா புது உலை வர்ற நேரத்துல விட்டுட்டுப் போறதா?” என்றார் மாமா.

“கிளினிக்கை விட்டுட்டு நான் எங்க வர்றது? இவ படிப்பு வேற முடியணும்” என்றாள் அக்கா.

“அதுக்குத்தான் சின்னுகிட்டயே கேப்போம்.” மாமா அவள் பக்கம் திரும்பினார். “நீதான கம்பெனி எப்படி முடிவெடுக்கும்னு படிக்கற. எங்க கம்பெனி மாதிரி ஒரு இடம், உலை பழசாயிடுச்சு. கட்டுவாங்களா மாட்டாங்களா? பொதுவாச் சொல்லு.”

அவர் பொதுவாகத்தான் கேட்டார். அவளும் பொதுவாகச் சொல்வது போலத்தான் சொன்னாள். ஆனால் அவள் முகத்தில் இருந்த சந்தோஷத்தை அவளால் மறைக்க முடியவில்லை.

“இருங்க மாமா. இங்கயே இருங்க.”

“அவ்வளவு நிச்சயமாவா சொல்ற?”

“ஆமா.”

மாமா அந்த முகத்தைப் பார்த்துவிட்டு மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் போன் செய்து, மன்னிக்கணும், வர முடியாது என்று சொல்லிவிட்டார். அதே வாரம் தாடி தன் வீட்டுக்கு மேலே மாடி எழுப்ப ஆரம்பித்தார். மாமா ஏதாவது சொன்னாரா, இல்லை தாடியே எடுத்த முடிவா என்று சின்னவள் கேட்கவில்லை.

மேலாளர் அந்தத் தாளைக் கொண்டுவந்து வைத்தது ஒரு சாதாரணக் காலை நேரம். ஏழாவது மாடியில் யாரோ ஜன்னல் திரையைச் சரி செய்துகொண்டிருந்தார்கள்.

“இது இப்பத்தான் வந்துச்சு. நிலத்தோட மதிப்பீடு. இதையும் சேர்த்துப் போட்டுடு.”

தொழிற்சாலை கட்டும்போது அது ஊருக்கு வெளியே இருந்தது. ஊர் வளர்ந்து வளர்ந்து அதைச் சுற்றிக்கொண்டுவிட்டது. வாசலுக்கு எதிரே இப்போது அடுக்குமாடிகள். ரயில் பாதைக்கு அந்தப் பக்கம் மூன்று மாடிக்கு ஒரு கடைக் கட்டடம். உலையும் கிடங்கும் உட்கார்ந்திருந்த நிலத்துக்கு யாரோ போட்டிருந்த விலையைச் சின்னவள் இரண்டு தடவை படித்தாள். பூஜ்ஜியங்களை விரல் வைத்து எண்ணினாள்.

“மேடம், இந்த நிலம் அவங்களோடதுதான? வாங்கி எத்தனையோ வருஷம் ஆச்சு. இதுக்காக இப்ப அவங்க எதுவும் செலவு பண்ணலையே.”

சொல்லும்போதே அவளுக்குத் தெரிந்தது. கையில் இருக்கிற ஒன்றை விற்காமல் வைத்துக்கொள்வதும் செலவுதான். விற்றால் கிடைத்திருக்கும் பணத்தை விடுகிறோம், அதையும் கணக்கில் எழுத வேண்டும். முதல் பருவத் தேர்வில் இதே கேள்வி வந்து, வகுப்பில் பாதிப் பேர் கோட்டை விட்டபோது, அவள் மட்டும் சரியாக எழுதியிருந்தாள்.

“நீயே சொல்லு. அது சரியா?” என்றார் மேலாளர். குரலில் குத்தல் இல்லை.

சின்னவள் அந்த எண்ணை உள்ளே தட்டினாள். மொத்தக் கணக்கும் சிவந்து போயிற்று. முதலில் வந்தது போலக் கொஞ்சநஞ்சம் இல்லை, ஆழமாக. வீதத்தைப் பத்துக்கு இறக்கினாள், எட்டுக்கு இறக்கினாள். பணத்தை அரசாங்கத்துக்குக் கடனாகக் கொடுத்தால்கூட இதைவிட அதிகம் வரும் என்கிற இடம்வரைக்கும் இறக்கிப் பார்த்தாள். பாட்டில்கள் எல்லாம் வருஷாவருஷம் துளித்துளியாகத் தரப்போகிற பணம். நிலம் இன்றைக்கே கைக்கு வருகிற பணம், முழு டீ. எந்த வீதமும் அதன் பக்கத்தில் நிற்கவில்லை.

“நீ சொன்ன பதினொண்ணு சரிதாம்மா. அறிக்கையில அது இருக்கும். அதை யாரும் எடுக்கல” என்றார் மேலாளர். ஆறுதலுக்காகச் சொன்னார். சின்னவள் தலையை ஆட்டினாள்.

அவள் அங்கிருந்து நேராகப் பல்கலைக்கழகத்துக்குப் போனாள். முக்கால் டீ தன் அறையில் விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்ததும் எதிர் நாற்காலியிலிருந்த புத்தகங்களை எடுத்துத் தரையில் வைத்தார்.

“சார், நம்ம கணக்குல ஆளுங்க எங்க வராங்க?”

அவர் பேனாவை மூடினார். “சம்பளம்னு ஒரு வரியில வராங்க. மூடினா இழப்பீடுன்னு இன்னொரு வரியில வராங்க.”

“அவ்வளவுதானா?”

“இந்தப் பாடத்துல அவ்வளவுதான். வேற பாடத்துல வேற மாதிரி வருவாங்க. முடிவெடுக்கற அறையில நடக்கறது இந்தப் பாடம்.” அவர் ஜன்னல் பக்கம் பார்த்தார். “உன் வீட்டு விஷயம் எனக்கு எழுதியிருக்காங்க. உன்னை அங்கேருந்து எடுத்திருக்கணும். எடுக்கல. வேற இடம் தேடறது தொல்லைன்னு விட்டுட்டேன். அதுக்கு நான்தான் பொறுப்பு.”

“எடுத்திருந்தா மட்டும் கணக்கு மாறியிருக்குமா சார்?”

“மாறியிருக்காது.”

அவர் பேனாவைத் திரும்பத் திறந்தார். அவள் எழுந்து வந்துவிட்டாள்.

அன்று மாமாவுக்குக் காலை ஷிப்ட். பிற்பகலில் பஸ்ஸிலிருந்து இறங்குவார். சின்னவள் நிறுத்தத்திலேயே நின்றாள். சொல்லக் கூடாது என்று ஒரு மனசு சொல்லிக்கொண்டே இருந்தது. இரண்டு பசங்க இருக்காங்கம்மா என்ற குரலும் கூடவே கேட்டது. பஸ் வந்தது. மாமா இறங்கி அவளைப் பார்த்து, “என்ன, ராஜ மரியாதையா இருக்கு?” என்றார்.

“மாமா, அந்த வேலைக்கு மறுபடி போன் பண்ணுங்க.”

“எந்த வேலை?”

“வேண்டாம்னு சொன்னீங்களே, அது. இப்பவே பண்ணுங்க. ஏன்னு கேக்காதீங்க.”

மாமா நடையை நிறுத்தினார். அவள் முகத்தைப் பார்த்தார். அவள் படிக்கிற படிப்பு, அவள் போகிற இடம், இத்தனை வாரமாக அவள் குடித்த தண்ணீர் எல்லாம் அவர் மனதில் ஒன்றோடு ஒன்று சேர்வது அவளுக்குத் தெரிந்தது.

“எங்களோடதா?” என்றார் மெதுவாக.

அவள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அழுகை வந்துவிட்டது. பஸ்ஸுக்கு நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மாமா அவளை ஓரமாக, பூட்டியிருந்த ஒரு கடையின் படியில் உட்கார வைத்தார்.

“அன்னிக்கு இருங்கன்னு சொன்னியே சின்னு.”

“அன்னிக்கு இருக்கும்னுதான் மாமா நெனச்சேன்.”

அவர் அங்கேயே நின்று போன் செய்தார். அந்தப் பக்கத்தில் யாரோ யாரையோ கூப்பிட, அவர்கள் இன்னொருவரைக் கூப்பிட, மாமா காத்திருந்தார். “ஆமா சார்... பரவாயில்ல சார்... வேற ஏதாவது வந்தா சொல்லுங்க சார்” என்று முடித்துப் போனைச் சட்டைப் பையில் போட்டார்.

“ஆள் எடுத்துட்டாங்களாம்.”

அவள் பக்கத்தில் வந்து படியில் உட்கார்ந்தார். பிறகு மாமா, “இதைச் சொன்னது தெரிஞ்சா உன்னை என்ன பண்ணுவாங்க?” என்று கேட்டார்.

“பட்டம் போயிடும்.”

“அப்ப நீ சொல்லல. நான் கேக்கல. அக்காகிட்டயும் இப்ப வேண்டாம்.”

“தாடி மாமாகிட்ட?”

மாமா படியின் விளிம்பைச் செருப்பால் தேய்த்துக்கொண்டே இருந்தார். “அவன்கிட்ட சொன்னா நாளைக்குக் காலையில ஷிப்ட் முழுக்கத் தெரியும். யார் சொன்னான்னு கேப்பாங்க. என் வீட்டுல யார் என்ன படிக்கறான்னு அங்க எல்லாருக்கும் தெரியும். நான்தான பெருமையாச் சொல்லிச் சொல்லி வெச்சிருக்கேன்.”

சொல்லிவிட்டால் நெஞ்சு பாரம் இறங்கும் என்று சின்னவள் நினைத்திருந்தாள். இறங்கவில்லை. அவள் மட்டும் வாயை மூடிக்கொண்டிருந்த வீட்டில் இப்போது இரண்டு பேர் வாயை மூடிக்கொண்டிருந்தார்கள். மாமா வேலைக்குப் போனார், வந்தார். பேச்சு குறைந்தது. ஞாயிற்றுக்கிழமை வந்தால் தாடி கூப்பிடுவார். மாடி வேலைக்குக் கை கொடுக்க ஆள் வேண்டும். மாமா போகாமல் இருக்க முடியாது. போகாவிட்டால் ஏன் என்று கேட்பார்கள். சின்னவள் ஒரு தடவை அந்தத் தெரு வழியாக வந்தபோது பார்த்தாள். தாடி மேலே நின்றுகொண்டு, “இங்க ஒரு ஜன்னல், அங்க ஒரு ஜன்னல், காத்து அப்படியே பிச்சுக்கிட்டுப் போகும்” என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தார். மாமா கீழிருந்து செங்கல் செங்கலாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். இரண்டிரண்டாகக் கொடுத்தால் சீக்கிரம் முடியும். அவர் ஒவ்வொன்றாகத்தான் கொடுத்தார்.

ஒரு நாள் எல்லோரையும் கேன்டீனுக்குக் கூப்பிட்டார்கள். தலைமை அலுவலகத்திலிருந்து வந்த ஒருவர் ஒலிபெருக்கியில் படித்தார். உலை திரும்பக் கட்டப்படாது. தொழிற்சாலை மூடப்படும். சட்டப்படி சேர வேண்டியது எல்லோருக்கும் சேரும். நடுவில் ஒலிபெருக்கி கீச்சிட்டதால் ஒரு பத்தியை இரண்டு தடவை படித்தார். யாரும் கத்தவில்லை என்று மாமா வீட்டில் வந்து சொன்னார். மூன்று மணி ஷிப்ட்காரர்கள் வழக்கம் போல எழுந்து உலைக்குப் போனார்களாம். எரிந்துகொண்டிருக்கிற உலையை விட்டுவிட்டு எங்கே போவது?

அக்கா கேட்ட இடத்திலேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். “அந்த இன்னொரு வேலையை விட்டோமே” என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சின்னவள் பக்கம் அவள் திரும்பவில்லை. திரும்ப அவளுக்கு அப்போது காரணமும் இல்லை.

சாயங்காலம் தாடி வந்தார். வழக்கமாகத் தெருவிலேயே குரல் கேட்கும். அன்று கதவைத் தட்டித்தான் தெரிந்தது. சின்னவள் டீ போட்டுக்கொண்டு வந்து கதவருகில் நின்றாள்.

“ஒண்ணு கேக்கறேன், மறைக்காமச் சொல்லு. உனக்கு முன்னாடியே ஏதாவது தெரியுமா?” என்றார் தாடி.

“எனக்கென்னடா தெரியும்?”

“இல்ல, கொஞ்ச நாளா நீ ஒரு மாதிரி இருந்த. அன்னிக்கு மாடியில கம்பி கட்டும்போதுகூட, ‘பாத்துச் செய்யிடா, மெதுவாக் கட்டலாம்’னே. அதான் கேட்டேன்.”

“பொதுவாச் சொன்னேன்.”

தாடி அவரைப் பார்த்தார். “சரி விடு. உனக்குத் தெரிஞ்சிருந்தா என்கிட்ட சொல்லாம இருப்பியா?” என்று டீயை வாங்கிக்கொண்டார். சின்னவளுக்கு அந்த இடத்தில் நிற்க முடியவில்லை. சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு வெறுமனே நின்றாள்.

குழம்பை வடித்து எடுக்கச் சில நாள் பிடித்தது. கடைசி ஷிப்டில் மாமா இருந்தார். வீட்டுக்கு வந்து துணிகளைத் தானே துவைத்துப் போட்டார்.

சின்னவளின் அறிக்கைக்கு வகுப்பிலேயே அதிக மதிப்பெண். பதினொரு சதவீதப் பகுதியைத் தனியாகப் பாராட்டி எழுதியிருந்தார்கள். ஏழாவது மாடியிலிருந்து வேலைக்கும் கூப்பிட்டார்கள். போக மாட்டேன் என்று அவள் இரண்டு வாரம் பிடிவாதமாக இருந்தாள். மாமா வேலைக்கு அலைந்தார். உலை தெரிந்த ஆள் என்று போன இடத்திலெல்லாம் உலை இல்லை. கடைசியில் வெகு தூரத்தில், மீனும் இறைச்சியும் உறைய வைக்கிற ஒரு குளிர்கிடங்கில் மேற்பார்வை வேலை கிடைத்தது. மாதம் ஒரு தடவை வந்து போகலாம். “வாழ்நாள் பூரா வெந்தாச்சு. கொஞ்சம் ஆறட்டும்” என்று சிரிக்கப் பார்த்தார். வாடகையும் வீட்டுச் செலவும் அக்கா சம்பளத்தில் மட்டும் நடக்காது என்பது மூன்று பேருக்கும் தெரியும். சின்னவள் பிடிவாதத்தை விட்டுவிட்டு ஏழாவது மாடிக்குப் போன் செய்தாள்.

மாமா கிளம்புவதற்கு முன்னால் அக்காவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அக்கா நாலைந்து நாள் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பாடு போட்டாள், துணி மடித்தாள், கிளினிக் போனாள். பிறகு ஒரு சாயங்காலம் சின்னவளுக்கு எதிரே வந்து உட்கார்ந்து, ஒரு பேனாவையும் கிளினிக்கில் வீணாய்ப்போன ஒரு தாளையும் மேசை மேல் வைத்தாள்.

“அந்தக் கணக்கை எனக்குச் சொல்லிக் குடு.”

“எதுக்குக்கா இப்ப?”

“சொல்லு.”

சின்னவள் சொன்னாள். வரப்போகிற பணத்தை எப்படி இன்றைக்குக் கொண்டுவருவது, ஆபத்துக்குத் தகுந்த மாதிரி எப்படிக் குறைப்பது, நிலத்தை ஏன் சேர்க்க வேண்டும் எல்லாம் சொன்னாள். அக்கா குறுக்கே கேட்டாள். புரியாத இடத்தில் திரும்பச் சொல்லச் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அக்காதான் கணக்கில் முதல் என்று அம்மா சொல்லிக் கேட்டிருக்கிறாள் சின்னவள். மேலே படிக்க வைக்கும்போது வீட்டில் ஒருத்திக்குத்தான் வழி இருந்தது. தாளின் இரண்டு பக்கமும் நிறைந்தது.

“அப்ப மூடினதுதான் சரி?”

“கணக்குப்படி சரிதான்.”

“நீ எங்கயும் தப்புப் போடல?”

“போடலக்கா. நூறு தடவை பாத்துட்டேன்.”

அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். “தப்புப் போட்டிருந்தேன்னா உன்னைக் கண்டபடி திட்டியிருப்பேன். மனசாவது ஆறியிருக்கும்” என்றாள்.

“இப்பவும் திட்டுக்கா.”

“எதைச் சொல்லித் திட்டறது?”

அக்கா எழுந்து, மேசையைத் துடைத்து, தட்டுகளை எடுத்து வைத்தாள். இரண்டு தட்டு. பழக்கத்தில் எடுத்த மூன்றாவதைத் திரும்ப அலமாரியில் வைத்துவிட்டு வந்து, “நாளைக்குத்தான சேரணும்? எத்தனை மணிக்கு எழுப்பணும்?” என்று கேட்டாள்.